தொலைந்து போன பதின்மூன்று கிலோ

டெவென்டர்,
மே 6, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வில்மீனா அக்காவுக்கு, தம்பி கெர்லோஃப் எழுதிக்கொள்வது.

இங்கு நான், மகள் யூடித், மருமகன் பாஸ்டியான், பேரன் மீஸ், பேத்தி ஃபென்னா எல்லோரும் நலம். நீயும் உன் முழங்காலும் நலமா? உன் பிறந்தநாளை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் கழிப்பறைச் சுவரில்தான் பிறந்தநாள் நாட்காட்டி தொங்குகிறது, அதில் உன் பெயரைத் தினமும் மூன்று முறையாவது பார்க்கிறேன். அட்டையும் வாங்கிவிட்டேன். என்ன எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது விஷயம். வருகிற வெள்ளிக்கிழமை நாங்கள் ஐவரும் மூன்று நாள் பயணமாக பெல்ஜியத்திலுள்ள கென்ட் நகரத்துக்குப் போகிறோம். சனிக்கிழமையோடு யூடித்துக்குத் திருமணமாகிப் பத்து வருடம். அன்று மாலை ஆறு மணியிலிருந்து எட்டுவரை அவளும் பாஸ்டியானும் தனியாகச் சாப்பிடப் போக ஆசைப்படுகிறார்கள். "அப்பா, ரெண்டே மணி நேரம். பசங்களைப் பாத்துக்க முடியுமா?" என்று கேட்டாள். முடியும் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. போன ஆகஸ்டில் மிருகக்காட்சி சாலையில் நான் பெலிகன்களை எண்ணிக்கொண்டிருந்தபோது ஃபென்னா பதினோரு நிமிடம் காணாமல் போனது உனக்குத் தெரியும். (நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில்தான் இருந்தாள்.) அதிலிருந்து எங்கே போனாலும் யூடித், "அப்பா, நீங்க பையைப் பாத்துக்கோங்க, பசங்களை நாங்க பாத்துக்கறோம்" என்கிறாள். கோபமாகச் சொல்வதில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஒன்பது மாதமாகப் பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த இரண்டு மணி நேரத்திலும் தவறினால் எனக்கு ஆயுளுக்கும் பைதான்.

ஆகவே திட்டம் போட்டேன். நாற்பது வருடம் பள்ளியில் வடிவியல் கற்பித்தவனுக்கு வேறென்ன தெரியும்? ஃபென்னா 'அவசரம்' என்று சொன்ன பிறகு நமக்கு மிஞ்சுவது நான்கு நிமிடம். கென்ட் வரைபடத்தில் பதினான்கு கழிப்பறைகளைக் குறித்து, ஒவ்வொன்றையும் மையமாக வைத்து நான்கு நிமிட நடைக்கு ஒரு வட்டம் போட்டேன். எங்கள் பாதை எந்த இடத்திலும் வட்டத்தைவிட்டு வெளியே போகாது. ஊரின் பழைய அரண்மனைக் கோட்டை வட்டங்களுக்கு வெளியே விழுந்ததால், பார்க்க வேண்டிய இடங்களிலிருந்து அதை நீக்கினேன். பாஸ்டியான் எட்டிப் பார்த்து, "மாமா, நாம ஊர் பாக்கப் போறோமா, கக்கூஸ் பாக்கப் போறோமா?" என்றான். யூடித் சிரிக்கவில்லை. "காகிதத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கும்ப்பா" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். எனவே போன புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல், ஒத்திகை பார்க்கக் கிளம்பினேன். பிள்ளைகளின் இரட்டைத் தள்ளுவண்டியை எடுத்து, மீஸின் எடைக்குப் பதினேழு கிலோ உருளைக்கிழங்கு ஒரு சாக்கிலும், ஃபென்னாவின் எடைக்குப் பதின்மூன்று கிலோ இன்னொரு சாக்கிலும் கட்டி உட்கார வைத்தேன். எது யார் என்று குழம்பாமலிருக்க மீஸுக்கு நீலக் குல்லாய், ஃபென்னாவுக்குச் சிவப்பு. உருளைக்கிழங்கு ஓடாது, அழாது, அவசரம் என்று சொல்லாது. அதையே பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போய்வர முடியாவிட்டால் நான் எதற்கு?

மழை தூறியதால் இருவருக்கும் போர்வை போர்த்தினேன். அதுதான் வினையாகிவிட்டது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "பாவம், அசந்து தூங்குதுங்க, இல்ல?" என்று கேட்டார். இல்லை அம்மா, உருளைக்கிழங்கு என்று அந்த நொடியிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத்தான் அந்தத் தைரியம் கிடையாதே. "ஆமா, ராத்திரி சரியாத் தூங்கல" என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே எழுந்து நின்று, செல்போனில் பேசிக்கொண்டிருந்த ஒருவரிடம், "ஏங்க, ரெண்டு பச்சைப் புள்ளைங்க தூங்குது, கண்ணு தெரியல?" என்று அதட்டினார். அதன் பிறகு ஒரு மணி நேரம் பெட்டி முழுவதும் கிசுகிசுப்பாகவே பேசியது. பயணச்சீட்டுப் பரிசோதகர் நுனிக்காலில் நடந்து போனார். இறங்கும்போது வண்டியைத் தூக்கிவிட்ட ஒருவர் மூச்சு வாங்கியபடி, "நல்லா ஊட்டி வளக்கறீங்க, பெரியவரே" என்றார். எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது, அக்கா. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

கென்ட்டில் முதல் இரண்டு மணி நேரம் எல்லாம் வட்டத்துக்குள்தான் நடந்தது. மூன்றாவது பாலத்தைத் தாண்டி ஒரு சிறு சதுக்கம். அதன் மூலையில் ஒரு வறுவல் கடை. அங்கே வண்டியின் முன்சக்கரம் டிராம் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. பின்னால் டிராம் வந்து மணியை அடி அடியென்று அடிக்கிறது. ஓட்டுநர் தலையை நீட்டி, "பெரியவரே! வண்டி கெடக்கட்டும், மொதல்ல புள்ளைங்களத் தூக்குங்க!" என்று கத்துகிறார். ஃபென்னாவைத் தூக்கிக் கடையின் பின்வாசல் படியில் வைத்தேன். குல்லாய் நழுவியது, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து, மீஸோடு சேர்த்து வண்டியை இழுத்து வெளியே எடுத்துவிட்டு, அதற்குள் கைப்பிடி வேறு கழன்றுவிட அதையும் திருகி மாட்டிவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், படி காலி. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம். அதே பதினோரு நிமிடம்!

நான் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நடுச் சதுக்கத்தில் நின்று, "ஃபென்னா! ஃபென்னா!" என்று கூவினேன். ஆட்கள் ஓடி வந்தார்கள். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வந்த ஒரு பெண், "என்ன வயசுங்க?" என்றாள்.

"ரெண்டரை."

"என்ன போட்டிருந்தா?"

யோசிக்காமல் உண்மையைச் சொன்னேன். "சாக்கு."

"சாக்கா?" என்று அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அதற்குள் வறுவல் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "சாக்குங்களா? பின்வாசப்படியில இருந்துச்சே, அதுங்களா? அய்யய்யோ, நான் அதை உரிச்சுட்டேனுங்களே!"

அந்தப் பெண் வீறிட்டாள். பிறகு எல்லோருக்கும் விளக்கம் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. தினமும் உருளைக்கிழங்கு போடுபவர் அந்தப் படியில்தான் மூட்டையை வைத்துவிட்டுப் போவாராம். ஃபென்னாவில் பாதி ஏற்கெனவே எண்ணெயில் இருந்தது. கடைக்காரர் ரொம்ப வருத்தப்பட்டார். "தப்பு என்னோடதுங்க, உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்க" என்று பெரிய காகிதக் கூம்பு நிறைய வறுவலைக் கொடுத்தார். மீஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கால்வாய் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். அருமையாக இருந்தது என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் அருமையாகத்தான் இருந்தது.

ஆக, நிரூபிக்க வேண்டியது நிரூபணமாகிவிட்டது. உருளைக்கிழங்கைக் கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் நான். நீயோ முப்பது வருடம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள். எனவே அக்கா, தயவுசெய்து நீயும் எங்களோடு வா. சனிக்கிழமை அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகளை நீ பார்த்துக்கொள். நான் உன் பையைப் பார்த்துக்கொள்கிறேன், அதில் எனக்கு நல்ல அனுபவம். யூடித்திடம் ஒத்திகையைப் பற்றி மூச்சு விடாதே. வியாழக்கிழமைக்குள் பதில் வரட்டும்.

உன் முழங்கால் படி ஏறவும், உன் பூனை ஒழுங்காகச் சாப்பிடவும், உன் வீட்டுக் கூரை இந்த மழையில் ஒழுகாமலிருக்கவும் வேண்டும்,

உன் தம்பி,
கெர்லோஃப்

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. இந்தக் கடிதத்தைத் தள்ளுவண்டியின் அடிப்பையில் இப்போதுதான் பார்த்தேன். தபாலில் போட மறந்துவிட்டிருக்கிறேன். உன்னிடமிருந்து பதில் வரவில்லையே என்று நான்கு நாளாக உன்மேல் வருத்தம் வேறு பட்டுக்கொண்டிருந்தேன், மன்னித்துவிடு. நாங்கள் கென்ட்டில்தான் இருக்கிறோம். மாலை ஆறு மணி ஏழு நிமிடத்துக்கு ஃபென்னா என் வரைபடத்தைக் கால்வாயில் போட்டுவிட்டாள். பதினான்கு வட்டங்களும் மிதந்து போவதை மூவரும் நின்று பார்த்தோம். மீஸ் கைதட்டினான். பிறகு கோட்டைக்குப் போனோம். அவசரம் வந்தது, ஒரு பூக்கடை அம்மாள் உதவினார். அங்கிருந்து வறுவல் கடைக்கு வந்தோம். "இவங்கதானுங்களா நெஜ ஃபென்னா?" என்று கடைக்காரர் குனிந்து வணக்கம் சொன்னார். எட்டு மணிக்கு அங்கே வர வேண்டியவர்கள் வரவில்லை. எட்டு இருபதுக்கு யூடித் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா, இவர் போன்ல சார்ஜ் போயிடுச்சு, நாங்க தொலைஞ்சு போயிட்டோம்ப்பா!"

"இருபது நிமிஷம்" என்றேன். கடைக்காரர்தான் மூட்டைக் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். யூடித் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கடைசியில் என் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "நாளைக்கு நாங்க பையைப் பாத்துக்கறோம்ப்பா, பசங்களை நீங்க பாத்துக்கோங்க" என்றாள்.

எனவே அக்கா, நீ வர வேண்டாம். என் ஒத்திகையில் ஒரு பெரிய பிழை இருந்திருக்கிறது. உருளைக்கிழங்குக்குக் கை கிடையாது. இந்த இருவரும் இரண்டு மணி நேரமும் என் கையை விடவே இல்லை. இப்போதும் ஒரு கையால்தான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.