மெயின்டனன்ஸ் ராஜப்பன் வீட்டுக் கம்ப்யூட்டர்

"இயந்திரம் நிற்காமல் ஓட ஐந்து வழிகள்" என்று தலைப்புப் போட்டு, நான்கு வழிகளை டைப் அடித்து முடித்து, ஐந்தாவதைத் தொடும்போது ராஜப்பனின் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது.

மவுஸை ஆட்டினார். அம்பு அசையவில்லை. மானிட்டரின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். வீட்டுப் பழைய டிவிக்குப் பலித்த வைத்தியம் இதற்குப் பலிக்கவில்லை.

"மறுபடியும் படுத்துக்கிச்சாங்க?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் மனைவி சரோஜம்மாள்.

"படுக்கல. யோசிக்குது."

"உங்களவிட அதிகமா யோசிக்குதே!"

ராஜப்பன் ஓசூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். திங்கட்கிழமை கம்பெனியில் பேச்சுப் போட்டி. மெஷின் பழுதாகி நிற்பதை எப்படித் தடுப்பது என்று யார் நன்றாகப் பேசுகிறாரோ, அவரை ஜப்பானுக்கு அனுப்புவார்கள். ஒரே ஒரு டிக்கெட். அது தனக்குத்தான் என்று மத்திகிரியில் தன் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் வரைக்கும் சொல்லி முடித்திருந்தார் மனுஷன். பேச்சைக் கையால் எழுதினால் கௌரவம் என்னாவது? அதற்காகவே பெங்களூரில் யாரோ தலைமுழுகிய கம்ப்யூட்டரை வாங்கி வந்து நடுவீட்டில் வைத்திருந்தார். அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். திறந்த பிறகு எந்த நிமிடம் உயிரை விடும் என்று அதற்கே தெரியாது.

விவரம் தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மெயின்டனன்ஸ்காரர் வெளியாளைக் கூப்பிடுவதாவது! வெட்கக்கேடு இல்லையா?

"உள்ள தூசி அடைச்சிருக்கு. காத்தடிச்சா சரியாயிடும்" என்றார்.

"காத்தா? எதுக்குங்க? அது என்ன லாரி டயரா?"

"எல்லா மெஷினும் ஒண்ணுதான். உனக்குப் புரியாது, விடு."

மானிட்டரை விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் எல்லப்பனின் பஞ்சர் கடைக்குப் போனார். சரோஜம்மாளும் கூடவே ஏறிக்கொண்டாள். மூடியைக் கழற்றி, "ஃபுல் பிரஷர்ல அடிப்பா" என்று உத்தரவு போட்டார் ராஜப்பன்.

எல்லப்பன் அடித்தார். தூசி பறந்தது. ஒரு சின்ன ஸ்க்ரூவும் பறந்து சாக்கடையில் விழுந்தது. காற்று போய், அதன் பின்னால் கம்ப்ரஸர் டாங்கில் தேங்கிக் கிடந்த தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

"சார், நீரு பர்தா இதே!" என்று எல்லப்பன் தண்ணீரைக் காட்டிக் கன்னடத்தில் அலறினார்.

"வரட்டும். கழுவின மாதிரி ஆச்சு" என்றார் ராஜப்பன். இதையும் ஒரு மனுஷன் சொல்லுவானா? சொன்னார்.

வீட்டுக்கு வந்து, வெயிலில் காய வைத்து, சுவிட்சைப் போட்டார். திறந்தது! ஆனால் உள்ளேயிருந்த ஃபேன் கரகரவென்று கத்தியது.

"இப்ப இதுக்கு என்னங்க பண்ணப் போறீங்க?"

"கிரீஸ்."

"எதுக்கு?"

"சத்தம் வந்தா கிரீஸ். மெயின்டனன்ஸ்ல மொதல் பாடமே அதுதான்."

பேரிங்குக்குப் போடும் கிரீஸை விரலால் வழித்து ஃபேனில் அப்பினார். சத்தம் நின்றது. ஃபேனும் நின்றது. பெட்டி கொதித்துத் தானாகவே அணைந்துவிட்டது. உடனே மூடியைக் கழற்றி, பக்கத்தில் டேபிள் ஃபேனை வைத்து ஓட விட்டார். மறுபடி திறந்தது, முன்னைவிட மெதுவாக. சரோஜம்மாள் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் வேடிக்கை பார்க்கப் பொறுமை வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜப்பனுக்கு ஞானம் பிறந்தது. ஃபேக்டரியில் ஜப்பான் முறை ஒன்று உண்டு. மெஷின்களைச் சுற்றிக் கிடக்கும் சாமானை ஒவ்வொன்றாகக் காட்டி "இது யாருது?" என்று கேட்பார்கள். யாரும் உரிமை கொண்டாடாவிட்டால் அது குப்பை. சிவப்புச் சீட்டு ஒட்டி ஸ்கிராப்புக்குத் தள்ளிவிடுவார்கள்.

"உள்ள கண்டதும் கெடக்கு. அதான் மூச்சு முட்டுது. இன்னிக்கு எல்லாத்தையும் கழிச்சுக் கட்டறேன்" என்று உட்கார்ந்தார். திரையில் இருந்த ஃபைல் பெயர்களை உரக்கப் படித்தார்.

"கமாண்ட். இது உன்னுதா?"

"எனக்கெதுக்குங்க அது? நான் எப்ப அதத் தொட்டேன்?"

"என்னுதும் இல்ல. ஸ்கிராப்!" அழித்தார்.

"ஐ.ஓ. சிஸ். உன்னுதா?"

"இல்லைங்க. ஒருவேளை அது கம்ப்யூட்டரோடதா இருக்குமோ?"

"கம்ப்யூட்டருக்குன்னு தனியா என்னடி சொத்து?"

அதையும் அழித்தார். வரிசையாக இப்படியே கேட்டுக் கேட்டு அழித்தார். கம்ப்யூட்டர் வேண்டாம் வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை காட்டியது. கேட்பாரா? கடைசியில் எழுந்து, கையைத் தட்டித் தூசி துடைத்து, "இப்பப் பாரு வேகத்த!" என்று அணைத்து, மறுபடி சுவிட்சைப் போட்டார்.

வேகம்தான். ஒரே நொடியில் கறுப்புத் திரை வந்து, உள்ளே சிஸ்டமே இல்லை என்று ஒற்றை வரி காட்டிவிட்டு அப்படியே நின்றது. அடித்து வைத்த நான்கு வழிகளும் போய்ச் சேர்ந்தன. ஜப்பானும்தான்.

ராஜப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊர் முழுக்கச் சொல்லியாயிற்றே! முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி என்று சொல்லிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். சரோஜம்மாள் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, "வெளிய ஒரு வேலை இருக்குங்க" என்று கிளம்பிப் போனாள்.

சாயங்காலம் வாசலில் கம்பெனி ஜீப் வந்து நின்றது. டிரைவர் கங்கப்பன் ரோஜா மாலையும் பெரிய ஷீல்டுமாக இறங்கினார். ராஜப்பனின் வயிற்றுவலி பறந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

"பேசாமலேயே எனக்குக் கொடுத்துட்டாங்களா? இத்தனை வருஷ சர்வீஸ் வீண் போகுமா!"

"உங்களுக்கில்லீங்க சார். இந்த வருஷம் குடும்பத்து ஆளுங்களும் பேசலாம்னு வெச்சாங்க இல்ல? அம்மாதான் ஃபர்ஸ்ட்."

பின்சீட்டிலிருந்து பட்டுப்புடவையில் சரோஜம்மாள் இறங்கினாள்.

"அப்ப ஜப்பானுக்கு?"

"அம்மாதான் சார் போறாங்க."

"மெஷினப் பத்தி இவளுக்கு என்னய்யா தெரியும்? என்னத்தப் பேசினா?"

கங்கப்பன் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: "மெதுவாவாவது ஓடிட்டிருந்த ஒரு மெஷின, ஒருத்தரு ரிப்பேர் பண்ணிப் பண்ணியே எப்படிச் சாகடிச்சாருன்னு பேசினாங்க சார், அவரு யாருன்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல, மொத்த கம்பெனியும்தான் 'ராஜப்பன், ராஜப்பன்'னு கத்துச்சு!"