டிரில் மாஸ்டர் கிள்ளிய கண்ணீர்த்துளி

"இதுவும் அவுந்துபோச்சு!" என்று கோமளவல்லி கத்திய அதே நேரத்தில், அவள் விரலிலிருந்து துள்ளிய சிவப்புக் காகிதச் சுருள் ஒன்று பரந்தாமனின் ரசத்தில் போய் விழுந்தது.

பரந்தாமன் அதை இரண்டு விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"இன்னா கோமளா இது, சாப்பாட்டு நேரத்துல?"

"நாளைக்குப் புதன்கெழம. இருவது சுருளு சுத்திகினு வரச் சொல்லிகிறாங்க காஞ்சனா டீச்சர். காத்தாலேருந்து சுத்திகினு கீறேன். ஒண்ணாவது நிக்குதா பாருங்க!"

அது எழுபத்தொன்பதாம் வருஷம். அரக்கோணத்திலிருந்து புதன்கிழமைதோறும் காஞ்சனா என்ற அம்மாள் ரயிலேறி வந்து, திருத்தணியில் மாதர் சங்கத்துப் பெண்களுக்குச் சாம்பிள் காட்டிக் காகிதச் சுருள் வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கலர் காகிதத்தை ஒரு நெல் நீளத்துக்கு அகலம் வைத்து ரிப்பன் ரிப்பனாக வெட்டி, ஊசியில் சுற்றி, கிள்ளி, பூவும் பறவையுமாக அட்டையில் ஒட்டுகிற வேலை. மொத்தம் ஆறு வாரம். முடிவில் ஆடிக் கிருத்திகையை ஒட்டிக் கண்காட்சி.

பரந்தாமன் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டர். அவர் மைதானத்தில் ஒரு அதட்டல் போட்டால், வெளியே ரோட்டில் சைக்கிளில் போகிறவர்கள்கூட ஒரு காலை ஊன்றிவிட்டுத்தான் போவார்கள். அவர் மீசைக்கே ஊரில் தனி மரியாதை உண்டு.

"இதுல இன்னா கஷ்டம்? கைய ஆட்டாம சுத்தணும். குடு இங்க" என்று கையைக் கழுவிவிட்டு வந்தார்.

காது உடைத்த கோணி ஊசியின் பிளவில் காகித நுனியைச் செருகினார். மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றினார். ஊசியை உருவினார். சுருள் மெதுவாக ஒரு சுற்று பிரிந்து, வட்டமாக நின்றது. வால் நுனியில் ஒரு பொட்டு மைதாப் பசை. அவ்வளவுதான்.

பரந்தாமன் அதை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கபடிக் கோப்பை வாங்கிய அன்றுகூட அவர் எதையும் அப்படிப் பார்த்ததில்லை.

"இன்னொரு காகிதம் குடு" என்றார்.

அன்று ராத்திரி படுப்பதற்குள் இருபதும் முடிந்தன.

"வெளிய மூச்சு விடாத" என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னார். "டிரில் மாஸ்டர் ஊட்ல குந்திகினு காகிதப் பூ பண்றான்னு தெரிஞ்சா, அப்பால மைதானத்துல எவன் என் பேச்சுக்கு நிப்பான்?"

மறுநாள் வகுப்பில் காஞ்சனா அந்த இருபதையும் தட்டில் பரப்பி எல்லோருக்கும் காட்டினார்.

"ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு! கோமளவல்லி, இது உன் கைதானா?"

உண்மையைச் சொல்லத்தான் கோமளவல்லி வாயைத் திறந்தாள். நாற்பது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்சாவும் பார்த்தாள். திறந்த வாய், "ஆங், டீச்சர்" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

"இவ்வளவு நல்லா வர்ற கையைச் சும்மா விடக்கூடாது. மத்தவங்க பத்து செய்யுங்க. நீ அம்பது கண்ணீர்த்துளி செஞ்சு கொண்டா."

கண்ணீர்த்துளி என்றால், பிரிந்து நிற்கும் சுருளை ஒரு பக்கம் மட்டும் கிள்ளிக் கூராக்குவது. ஐம்பதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பரந்தாமன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு மனைவியின் மோதிரத்தைக் கழற்றி வாங்கி, அதற்குள் சுருளை விட்டு, அது மோதிரத்தை நிறைக்கும்வரை பிரியவிட்டு, வெளியே எடுத்துக் கிள்ளினார். ஐம்பது துளியும் அணிவகுப்பில் நிற்பதைப் போல வரிசையாக நின்றன.

அதற்கடுத்த புதன்கிழமை காஞ்சனா, "கண்காட்சிக்கு நடுவுல ஒரு பெரிய மயில் வைக்கிறோம். எண்ணூறு துளி வேணும். கோமளவல்லிதான் செய்யப்போறா" என்று அறிவித்தார்.

வீட்டுக்கு வந்து அவள் அழாத குறை.

"மொதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கணும். நீங்கதான் சொல்லாதேன்னீங்க."

"எண்ணூறா?" என்றார் பரந்தாமன். கண் பளபளத்தது. "தோகைக்கு ரெண்டு நீலம் வெச்சாதான் நல்லா இருக்கும்."

விடியற்காலை, ஞாயிறு மத்தியானம் எல்லாம் சுற்றியும் போதவில்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சாமான் அறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அங்கேயும் சுற்ற ஆரம்பித்தார். ஒரு நாள் தலைமையாசிரியர் இளங்கோவன் கதவைத் தட்டினார். காகிதத்தையெல்லாம் வலைப்பந்து வலைக்கடியில் தள்ளிவிட்டுப் பரந்தாமன் கதவைத் திறந்தார்.

"இன்னா மாஸ்டர் இது, வெரலெல்லாம் தோல் உரியுது?"

காய்ந்த மைதா விரல் விரலாகச் செதில் விட்டிருந்தது.

"அது... படைங்க சார்."

இளங்கோவன் இரண்டடி பின்னால் போனார். "படையா! புள்ளைங்க தொடற பந்தெல்லாம் தொட்டுகினு இருக்கீங்களே! ஒரு வாரம் லீவுல போங்க. ஆறினப்புறம் வாங்க."

லீவு கிடைத்ததில் நானூறு துளி முடிந்தது. ஆனால் சேதியும் ஊரெல்லாம் பரவியது. தயிருக்கு உறை மோர் வாங்க வந்துகொண்டிருந்த அம்சா வாசலிலேயே நின்றுவிட்டாள். சங்கத்தில் கோமளவல்லி தொட்ட கத்தரிக்கோலை யாரும் தொடவில்லை.

"அதெல்லாம் ஆறிகினு வருது. வேப்பெண்ணெ தடவறாரு" என்று கோமளவல்லி சமாளித்தாள்.

அம்சாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. கனகம்மாசத்திரத்திலிருந்து தன் அண்ணனிடம் சொல்லி ஒரு தூக்கு நிறைய வேப்பெண்ணெய் வரவழைத்தாள். தினமும் காலையும் மாலையும் வந்து எதிரே நின்றாள்.

"தடவிக்கோங்கண்ணா. நான் பாத்துட்டுப் போறேன்."

எண்ணெய்க் கையில் பசை ஒட்டாது. அம்சா போனதும் பரந்தாமன் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கடைசியில் நிஜமாகவே தோல் உரிந்தது. ஆனாலும் மயில் முடிந்தது. எண்ணூறு துளியையும் இடம் பார்த்து அடுக்கி அட்டையில் ஒட்டியது கோமளவல்லி. சுற்றத்தான் அவளுக்கு வரவில்லை. எந்த நீலத்துக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை என்பது அவள் கண்ணுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது.

கண்காட்சிக்கு முதல் நாள் காஞ்சனா இன்னொரு இடியைப் போட்டார்.

"நாளைக்குக் கோமளவல்லி மேடையில உக்காந்து, எல்லாரும் பாக்க ஒரு துளி சுத்திக் காட்டணும்."

மறுநாள் கோமளவல்லி வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டுக்கொண்டு கண்காட்சி மண்டபத்துக்கு வந்தாள். "வெந்நி கொட்டிகினேன், டீச்சர்."

"ஐயோ பாவம். ஆனா வாய் நல்லாத்தானே இருக்கு?" என்றார் காஞ்சனா. "நீ சொல்லு. உன் வீட்டுக்காரர் செய்யட்டும். ஒண்ணுமே தெரியாதவங்ககூட இதக் கத்துக்கலாம்னு ஜனங்களுக்குப் புரியும்."

மலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களில் பாதிப் பேர் நிழலுக்காக மண்டபத்துக்குள் ஒதுங்கியிருந்தார்கள். முன்வரிசையில் இளங்கோவன். பரந்தாமன் மேடையேறி உட்கார்ந்தார். பின்னால் மயில் தோகை விரித்து நின்றது.

கோணல்மாணலாக ஒன்று சுற்றிப்போட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் ஊசியைக் கையில் எடுத்தார். விரல்கள் கேட்கவில்லை. சுருள் அம்சமாக வந்து நின்றது.

"மொதல் தடவையா சார்?" என்று காஞ்சனா மைக்கில் கேட்டார்.

"ஆங். மொதல் தடவதான்."

கோமளவல்லிக்குப் பதற்றத்தில் நாக்கு குழறியது. "இப்ப... ரெண்டு பக்கமும் கிள்ளுங்க. துளி வரும்."

பரந்தாமனின் கை அந்தரத்தில் நின்றது. பேசாமல் கிள்ளிவிட்டால் தப்பித்துவிடலாம். ஆனால் முந்நூறு பேர் பார்க்கிறார்கள். முந்நூறு பேரும் தப்பாகக் கற்றுக்கொண்டு போவார்கள்.

"தப்பு" என்றார். மைக் அதைப் பிடித்துக்கொண்டது. "ரெண்டு பக்கம் கிள்ளினா அது கண்ணு. ஒரு பக்கம் கிள்ளினாதான் துளி."

இளங்கோவன் எழுந்தார்.

"மாஸ்டர், அப்ப அந்தப் படை?"

"படை இல்ல சார். மைதா மாவு."

முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. பரந்தாமனின் மீசை துடித்தது. இறங்கி ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. திரும்பி மயிலைப் பார்த்தார். எண்ணூறு துளி. ஒன்றுகூட முனை மழுங்கவில்லை.

எழுந்து நின்றார்.

"சிரிச்சி முடிச்சிட்டீங்களா?"

மைதானத்துக் குரல் அது. காவடிக்காரர்கள் உட்பட எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"ஆமா, நான்தான் சுத்தினேன். எண்ணூறும் நான் சுத்தினது. இப்ப எல்லாரும் ஆளுக்கொரு காகிதம் எடுங்க. ம்! எடு! நுனியச் செருகு! சுத்து! இழுக்காத, காகிதம் கிழியும்! அவுக்காம ஒட்டினா இறுக்கச் சுருள், அது பூவுக்கு நடுவுல. துளிக்கு... விடு! தானா பிரியட்டும், நீ தொடாத! பசை ஒரு பொட்டு! இட்லிக்குச் சட்னி ஊத்தற மாதிரி ஊத்தாத! கிள்ளு! ஒரு கிள்ளு துளி, ரெண்டு கிள்ளு கண்ணு, நாலு கிள்ளு சதுரம். வெரல் மேல வெச்சி வளைச்சா பிறை!"

நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் கிள்ளினார்கள். இளங்கோவனும் கிள்ளினார். தன் துளியைத் தூக்கிப் பிடித்து, "மாஸ்டர், இது சரியா பாருங்க" என்று கேட்டார். ஈரத் துண்டோடு நின்ற ஒரு காவடிக்காரர் தன்னுடைய சுருளைப் பத்திரமாகக் காவடியில் செருகிக்கொண்டார்.

கீழே கோமளவல்லி கைக்கட்டை மளமளவென்று அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு" என்று அம்சாவின் தோளைத் தட்டிச் சொன்னாள். "எப்பிடி நிக்கிறாரு பாத்தியா? சுத்தினது அவரு, ஒட்டினது நானு."

முதல் பரிசை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். காஞ்சனா கை தட்டினார். ஆனால் முகம் கொஞ்சம் இறுகியிருந்தது. "கத்துக்குடுத்தது நான்தானே" என்று மைக்கில் மூன்று தடவை சொன்னார்.

கூட்டம் கலைகிற நேரத்தில், கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து பரந்தாமனை ஒரு தூண் பக்கம் அழைத்துப் போனார்.

"என் பேரு சடகோபன். காஞ்சனாவோட வீட்டுக்காரன். ஒரு சந்தேகம் சார். துளியோட முனை உங்களுக்கு இவ்ளோ கூரா வருதே, நகத்தால கிள்றீங்களா, வெரலாலயா?"

"வெரலால புடிச்சி, நகத்தால முடிக்கணும்" என்றார் பரந்தாமன் பெருமையாக. "ஏன், அத டீச்சரையே கேக்கறதுதானே?"

சடகோபன் மேடைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"மெதுவாப் பேசுங்க சார். ஆறு வாரமா அவங்க கொண்டாந்து காட்டின சாம்பிள் எல்லாம் நான் சுத்தினது."