நாலு விரல் மனு

“நஷ்டஈட்டுக்கான பழைய சட்டம் போயிடுச்சும்மா. புது பாரத்துல எழுதிக் கொண்டாங்க,” என்று தொழிலாளர் அலுவலக கிளார்க் மனுவைத் திருப்பித் தள்ளினார்.

சீர்காழியிலிருந்து மறுபடி இரண்டு பஸ் மாறி, புது பாரத்தோடு வந்து நின்றாள் ரோஸ்லின்.

“விபத்து அஞ்சு வருஷத்துக்கு முந்தியா? அப்ப பழைய பாரம்தானே வேணும்!”

“அந்தச் சட்டம் போயிடுச்சுன்னீங்களே?”

“ஆமா, போயிடுச்சு.”

“அப்ப என் விரலு எந்தச் சட்டத்துலங்க போச்சு?”

கிளார்க் ஃபேனைப் பார்த்தார்.

இராஜாங்கத்தின் அரிசி மில்லில் மெஷின் பெல்ட் அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிருந்தது. கூலியைக் கையில் கொடுத்தார்களே தவிர, எந்த நோட்டிலும் அவள் பெயர் இல்லை. நஷ்டஈடு என்று வாயைத் திறந்த நாளிலிருந்து இராஜாங்கத்துக்கு ஒரே பேச்சுதான்: “அந்தம்மா எங்ககிட்ட வேலையே பாக்கல. தவிடு வாங்க வந்தவங்க, மெஷினை வேடிக்கை பாத்திருக்காங்க.”

விடுவதாயில்லை ரோஸ்லின். பழைய பாரம், புது பாரம் இரண்டையும் இடது கையால் எழுதி, ஒரே குண்டூசியில் குத்திக் கொடுத்துவிட்டு வந்தாள்.

விசாரணையன்று பார்த்தால் இரண்டுக்கும் தனித்தனி நம்பர் விழுந்திருந்தது. மூலையில் டைப்பிஸ்ட் மதிவதனி இரு தரப்புப் பேச்சையும் தட்டத் தொடங்க, இராஜாங்கத்தின் வக்கீல் வெங்கட்ராகவன் எழுந்தார்.

“ரெண்டு மனு, மனுவுக்கு ரெண்டு விரல். ஆக நாலு விரல் போச்சாம் சார். கையில மூணு பத்திரமா இருக்கு!”

“என்னம்மா இது, ஏமாத்து வேலையா?” என்றார் விசாரணை அதிகாரி.

ரோஸ்லின் கையைத் தூக்கி அவர் மேசைமேலேயே வைத்தாள். “நீங்களே எண்ணிக்குங்க சார்.”

அதிகாரி நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். “சரி சரி. ஏதாவது ஒரு மனுதான் நிக்கும். எது வேணும்?”

“எதுல தொகை ஜாஸ்தி?”

“புதுசுல.”

மேசையிலிருந்த கட்டிலிருந்து பழைய மனுவை உருவி, நாலாகக் கிழித்துப் போட்டாள்.

“ஐயையோ, அது ஆபீஸ் ரெக்கார்டும்மா!” என்று பதறினார் அதிகாரி.

வெங்கட்ராகவனின் முகம் மலர்ந்துவிட்டது. “போச்சு சார்! இப்ப இருக்கறது புதுச் சட்ட மனு மட்டும்தான். அது செல்லாது. விபத்து நடந்தது அஞ்சு வருஷம் முந்தி, தை மாசம், காலை ஷிப்டு. இவங்க நெல்லு கொட்டிக்கிட்டிருக்கும்போது பெல்ட் இழுத்துடுச்சு. மேஸ்திரிதான் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினாரு. புதுச் சட்டம் எப்படிப் பொருந்தும்?”

“நான்தாங்க கார்ல ஆஸ்பத்திரிக்கே அனுப்பினேன்!” என்று இராஜாங்கமும் எழுந்து நின்றார்.

அவசரப்பட்டுக் கிழித்துவிட்டோமோ என்று ரோஸ்லின் யோசித்தாள். ஆனாலும் வலது கையை மறுபடி மேசைமேலேயே வைத்தாள்.

தட்டிக்கொண்டிருந்த மதிவதனி நிமிர்ந்து வக்கீலைப் பார்த்தாள்.

“சார், அப்ப ‘எங்கள் மில் தொழிலாளி’ன்னே டைப் பண்ணிடட்டுமா?”