செவலைக்கு நட்ட தெருவுப் புல்

அன்பு மச்சான் ஆரிபுக்கு, உத்தமபாளையத்திலிருந்து மச்சான் ஷரீப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் அக்கா சாஜிதாவும் நலம். குமுளியில் நீயும் பிள்ளைகளும் உன் ஏலக்காய்க் கடையும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். பிரியம் இந்த வரியோடு முடிந்தது, இனிமேல் கோபம். போனில் திட்டலாமே என்பாய். போனில் பேசித்தானே இந்த வினை வந்தது!

நம் செவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு தெருத்தெருவாகத் திரிவதும், போகிற போக்கில் பக்கத்துத் தோட்டத்து அந்தோணிமுத்துவின் திராட்சைக் கொடியை மேய்வதும் உனக்குத் தெரியாது. குடும்ப மானம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தடவை நட்டால் வருஷக்கணக்கில் வெட்டுகிற புல் ஏதாவது உண்டா என்று மட்டும்தான் கேட்டேன். நீயோ, பின்னால் பஸ் ஹாரன் அலற, "தெருவப்புல்லு மதி மச்சான், அதே போதும்! ஒருக்கா நட்டா அஞ்சு வருஷம் வெட்டலாம்" என்றாய். என் காதில் தெருவுப் புல் என்று விழுந்தது. ஆஹா, தெரு மேயும் மாட்டுக்குத் தெருவுப் புல்! தெருவே மாட்டுக் கொட்டத்துக்கு வந்துவிட்டால் அவள் எதற்குத் தெருவுக்குப் போகிறாள் என்று நான் துள்ளிய துள்ளலை நீ பார்த்திருக்க வேண்டும்.

நீ அனுப்பிய தூர்களைப் பிரித்து, பார் கட்டி, சாணி எரு போட்டு, தண்ணீர் தேங்காமல் பார்த்துப் பார்த்து நட்டேன். மளமளவென்று இடுப்பு உயரம் வந்தது மச்சான். முதல் அறுப்பில் என் கையையும் அறுத்தது. போகட்டும் என்று ஒரு கட்டுப் புல்லைச் செவலைக்குப் போட்டால், மோந்தாள், தும்மினாள், பிறகு என்னைப் பார்த்தாள் பார், நிக்காஹ் வீட்டில் உப்பில்லாத பிரியாணி வைத்தவனைப் பார்க்கிற மாதிரி. விடுவேனா? பொடியாக நறுக்கித் தவிட்டிலும் புண்ணாக்கிலும் கலந்து ஏமாற்றினேன். தின்றுவிட்டாள். அன்றைக்குப் பால் வாங்கிப் போன வியாகுலமேரி, அந்தோணிமுத்துவின் மனைவிதான், செம்போடு திரும்பி வந்தார். "பாய், பாலுக்குள்ள சோப்பு கீப்பு விழுந்துருச்சா?" புல்லைக் காட்டினேன். கசக்கி மோந்து பார்த்து, "ஐயோ பாய், இது எலுமிச்சைப் புல்லாச்சே! தெருவப்புல்லும்பாக மலையாளத்துல. தைலம் எடுக்குறது, டீயில போடுறது. இதப் போயி மாட்டுக்குப் போட்டீகளா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது. அந்தச் சந்தடியில் செவலை கம்பி நீட்டினாள். சற்று நேரத்தில் அந்தோணிமுத்து வந்து, "பாய், பந்தல் ஏறாத எளங்கொடி பூராத்தையும் ஒங்க மாடு பந்தி முடிச்சிருச்சு" என்றார்.

சாஜிதா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டாள். "இங்க பாருங்க, ஒண்ணு இந்த மாடு இருக்கணும், இல்ல அக்கம்பக்கத்துல நம்ம மூஞ்சி இருக்கணும். நாளைக்குக் காலையில ராக்கையாவ வரச் சொல்லிட்டேன்." ராக்கையா மாட்டுத் தரகர். மச்சான், தாய்ப்பசு செத்த பிறகு நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் செவலை. அவள் இல்லாத கொட்டத்தை என்னால் பார்க்க முடியாது. ஆத்திரத்தில் அவ்வளவு புல்லையும் அறுத்து, அந்தோணிமுத்து தோட்டத்து வரப்பு நெடுக வீசிவிட்டேன். தூர் மட்டும் மிச்சம். நீ வாயால் நட்டதைக் கையால் வந்து பிடுங்கிக்கொண்டு போ. இனி நமக்குள் பெருநாள் சலாம் மட்டும்தான்.

பிள்ளைகளுக்கு துஆ. உன் மனைவி நசீமாவுக்கு சலாம். உனக்கு, மார்க்கம் சொல்கிறதே என்பதற்காக மட்டும், வஸ்ஸலாம்.

ஷரீப்

பி.கு.: மச்சான், மேலே உள்ளதைப் படிக்காதே. காலையில் தபாலில் போடக் கிளம்பினால் செவலை மறுபடியும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாள். வரப்பில் கிடந்த புல்லை மோந்தாள், தும்மினாள், வந்த வழியே திரும்பிக் கொட்டத்தில் படுத்துவிட்டாள்! அந்தப் பக்கம் நின்ற அந்தோணிமுத்து, "பாய், இந்தப் புல்ல வரப்பு பூரா நட்டு விடுங்க. மாடு திங்கிற புல்லுக்கு நடுற கரணை நா தாரேன்" என்று கத்துகிறார். ராக்கையாவைத் தெருவப்புல் டீ கொடுத்து உன் அக்காவே அனுப்பிவிட்டாள். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். ஆகவே இன்னும் ஒரு வண்டி தூரோடு உடனே புறப்பட்டு வா. மாட்டைத் தெருவுக்கு விடாத புல்லுக்குத் தெருவுப் புல் என்றுதானே பெயர் இருக்க முடியும்? என் காதில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது.