ஃபியூஸ் அக்காவும் ஓரகத்திகள் சங்கமும்

அன்றைக்கு மாடியில் எட்டாம் நம்பர் அறையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஃபியூஸ் அக்கா. கும்பகோணத்து வைதேகி. வாணியம்பாடி ரஹீமா. மிசோரத்திலிருந்து வந்து மூன்றே மாதம் ஆகியிருந்த மாவி. ஐந்தாவதாக, அங்கே இருந்திருக்கவே கூடாத நான். கட்டிலுக்கு அடியில் ஒரு பூனையும் இருந்தது. வார்டன் மேடம் பிறகு விசாரித்தபோது அதை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

சென்னைக்கு மின்சாரம் வந்த நாள் முதலாக அதை ஃபியூஸ் அக்கா அளவுக்குப் பாடாய்ப்படுத்திய மனுஷி வேறு ஒருத்தி கிடையாது. நான் அவளோடு ஒரே கட்டடத்தில் இருந்த மூன்று வருஷத்தில் எத்தனை முறை விளக்கு அணைந்தது என்று எண்ணிப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியதும் பயந்துபோய் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மயிலாப்பூரில் லஸ்ஸுக்கும் கோயில் குளத்துக்கும் இடையே ஒரு சந்தில் இருந்த பெண்கள் விடுதி. ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாக வந்து சேர்ந்த கல்லூரிப் பெண்கள் அறுபது பேர். கீழே வாசல் ஹாலில் நான் டெலிபோன் அட்டெண்டர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அதுவே பெரிய உத்தியோகம். போன் வந்தால் எடுத்து, மாடியைப் பார்த்துப் பெயரைக் கத்த வேண்டும். மந்தைவெளியில் என் அம்மாவும் பத்தாவது படித்துக்கொண்டிருந்த தங்கையும் அந்தக் கத்தலில்தான் சாப்பிட்டார்கள்.

வார்டன் மேடம் என்னை வேலைக்கு எடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கஸ்தூரி, நீ ஸ்டாஃப். மாடிப்படி ஏறக் கூடாது. ஒரு நாள் மாடியில உன்னைப் பார்த்தேன்னா, மறுநாள் இங்க பார்க்க மாட்டேன்."

எனக்கு எச்சரிக்கையே தேவையில்லை. நானே ஒரு நடமாடும் எச்சரிக்கை. போன் அடித்தால் யார் செத்தார்களோ என்று நினைப்பேன். அடிக்காவிட்டால் லைன் செத்துவிட்டதோ என்று நினைப்பேன். என் ஸ்டூலுக்கு நேர் மேலே மீட்டர் பலகை இருந்தது. அது என் தலையில்தான் விழும் என்று சேர்ந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். அது விழவில்லை. ஃபியூஸ் அக்காதான் விழுந்தாள், ஸ்டூலோடு.

ஃபியூஸ் கட்ட ஏறியபோது நடந்தது அது. அவள் அறையில் விடுதி விதிகளுக்கு விரோதமாக, கரண்டில் எரியும் ஒரு காயில் அடுப்பு இருந்தது. அதைப் போட்டால் கட்டடமே இருண்டுவிடும். முகத்தில் சோப்போடு பெண்கள் குளியலறையிலிருந்து அலறுவார்கள். அந்த அலறல் முடிவதற்குள் ஃபியூஸ் அக்கா பல்லில் கம்பியைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, என்னை எழுப்பிவிட்டு, என் ஸ்டூலில் ஏறிவிடுவாள். விழுந்த அன்று தரையில் உட்கார்ந்தபடியே, "ஸ்டூலுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள்.

அவள் நிஜப் பெயர் ரெஜிஸ்தரில் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா தெலுங்கு, அம்மா மலையாளம், வளர்ந்தது பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ். அதனால் எல்லா பாஷையும் தெரியும், ஒன்றும் உருப்படியாக வராது. கடற்பாசியில் ஆராய்ச்சி செய்கிறாள் என்றார்கள். எத்தனை வருஷமாக என்று கேட்டால் வார்டன் மேடமே பெருமூச்சு விடுவார். அறை முழுக்க பாசி மிதக்கும் பாட்டில்கள். ராத்தங்க வந்த ரஹீமாவின் அத்தை ஒருவர் அவற்றை ஊறுகாய் என்று நினைத்து ஒன்றைத் திறந்துவிட்டார். அதன் பிறகு அந்த அத்தை வரவேயில்லை.

விடுதியில் சேரும் வெளியூர்ப் பெண் முதல் வாரம் அழுவாள். இரண்டாம் வாரம் ஃபியூஸ் அக்கா அவளைச் சங்கத்தில் சேர்ப்பாள். ஓரகத்திகள் சங்கம். அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்த பெண்கள் மாதிரி என்று அர்த்தம்.

"அக்கா தங்கச்சின்னே வெச்சிருக்கலாமே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அக்கா தங்கச்சி சண்டை போட்டா மனசு உடைஞ்சிடும் கஸ்தூரி. ஓரகத்திக்குச் சண்டை போடறதே உத்தியோகம். போட்டுட்டு அதே அடுப்புலதான் பொங்கணும்."

சங்கத்துக்கு மூன்று வழக்கங்கள் உண்டு. யாருக்காவது பரீட்சை என்றால் அன்று காலை எல்லோரும் தங்கள் தங்கள் கடவுளிடம் சிபாரிசு செய்ய வேண்டும். வைதேகி நெற்றியில் விபூதி இடுவாள். ரஹீமா தம்ளர் தண்ணீரில் ஓதி ஊதித் தருவாள். மாவி வந்த பிறகு, அவள் பரீட்சைக்காரி தலையில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் ஜெபிக்க ஆரம்பித்தாள். இவ்வளவும் முடிந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனால் பஸ் போயிருக்கும். இத்தனை சிபாரிசு இருந்தும் ரஹீமா ஸ்டாட்டிஸ்டிக்ஸில் இரண்டு தடவை தோற்றாள்.

இரண்டாவது வழக்கம் அபராதம். யார் வாயிலிருந்தாவது 'போச்சு' என்ற சொல் வந்தால் நாலணா. ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் போட வேண்டும்.

"அக்கா, பஸ் போச்சுன்னுதானே சொன்னேன். அதுக்குமா?" என்று வைதேகி வாதாடினாள்.

"போன பஸ்ஸும் கணக்குதான். எடு நாலணா."

என் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். நான் மூச்சு விடுவதே அந்தச் சொல்லால்தான். சங்கத்தில் சேராமலேயே பாட்டிலைப் பாதி நிரப்பியவள் நான். மாடிக்குப் போகிற வழியில் ஃபியூஸ் அக்கா என் முன்னால் பாட்டிலை நீட்டுவாள். "இன்னைக்கு எத்தனை?" "அஞ்சுக்கா." "பரவால்லை, தேறிக்கிட்டு வரே."

மூன்றாவதுதான் வினையானது. சேர்ப்பு நாள் சமையல். புதிதாகச் சேருபவள் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் யார் பெயர் வருகிறதோ, அவள் வீட்டுச் சமையலை அவளையே கேட்காமல் செய்து போட வேண்டும். எப்படி இருந்தாலும் அவள் முகம் சுளிக்காமல் முழுக்கச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான், இருவரும் ஓரகத்திகள்.

அந்த மார்கழியில் மாவியைச் சேர்ப்பது என்று முடிவானது. ஃபியூஸ் அக்கா என் ஸ்டூல் அருகே வந்து சீட்டுக் குலுக்கிய டப்பாவை என்னிடமும் நீட்டினாள்.

"நானா? நான் ஸ்டாஃப்க்கா. எட்டாவதுதான் படிச்சிருக்கேன். இது காலேஜ் பொண்ணுங்க சங்கம்."

"மூணு வருஷமா அபராதம் கட்டறே. வரி கட்டறவளுக்கு ஓட்டு கிடையாதா? நீதான் பொருளாளர். எட்டாவது வரைக்கும் கணக்குப் பாடம் உண்டில்ல?"

என்னை யாரும் எதிலும் சேர்த்துக்கொண்டதில்லை. அதே சமயம் மறுநாள் வேலை போய், அம்மா தெருவில் நின்று, தங்கை படிப்பை நிறுத்துவதுவரை கண்முன் ஓடிவிட்டது. இருந்தும் கை தானாகச் சீட்டை எடுத்தது. மாவி.

மிசோரத்தில் என்ன சாப்பிடுவார்கள்? கேட்கக் கூடாது. தங்கையின் அட்லஸில் மிசோரத்தைக் கண்டுபிடித்தேன். சாப்பாடு போட்டிருக்கவில்லை. மலை, மழை என்று தெரிந்தது. குளிருகிற ஊரில் எதையும் வேகவைத்துத்தான் தின்பார்கள் என்று நானே முடிவு செய்து, தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் கோஸும் கீரையும் பச்சை மிளகாயும் வாங்கினேன்.

ஞாயிறு மதியம் நாள் குறித்தார்கள். வார்டன் மேடம் சபா கச்சேரிக்குப் போனால் கேன்டீனில் ரவா தோசை சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்குத்தான் திரும்புவார். நான் மூன்று இரவு தூங்கவில்லை. ஆபத்தை ஒவ்வொன்றாக எண்ணினேன். மிகப் பெரிய ஆபத்து ஃபியூஸ். நடுவில் அது போனால் அறுபது பெண்களும் கத்துவார்கள், தெருவே எட்டிப் பார்க்கும், யாராவது மேடத்திடம் வத்தி வைப்பார்கள், என் வேலை காலி. அதனால் ஞாயிறு காலை யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே ஸ்டூலில் ஏறினேன். ஃபியூஸ் அக்கா ஒற்றை இழை கட்டுவாள். நான் நான்கு இழையை முறுக்கிக் கட்டினேன். இனி ஃபியூஸ் போகவே போகாது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கவலையை நானே தீர்த்துவிட்ட பெருமையோடு கீழே இறங்கினேன்.

மூன்று மணிக்கு மாடி ஏறினேன். காயில் அடுப்பில் என் கோஸ் வெந்தது. பக்கத்தில் இரவல் அடுப்பில் மாவி, வைதேகிக்காக வத்தக்குழம்பு என்று ஒன்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். ரஹீமா வாளியில் ஹீட்டர் ராடு போட்டுப் பாத்திரம் கழுவ வெந்நீர் வைத்தாள். வைதேகி இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் அப்பளம் சுட்டாள். ஃபியூஸ் அக்கா விளக்கைப் பார்த்தாள். அணையவில்லை. மறுபடி பார்த்தாள்.

"நாலும் ஓடுது, போகலையே. எனக்கு வயசாயிடுச்சா, கரண்டுக்கு வயசாயிடுச்சா?"

நான் பெருமையோடு கோஸைக் கிளறினேன்.

வைதேகி மாவியின் குழம்பை ஒரு வாய் வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. புளிக்குப் பதில் முழு எலுமிச்சை ஊறுகாயைக் கரைத்திருக்கிறாள்.

"எப்படி கீது?" என்றாள் மாவி. பாதித் தமிழை வைதேகியிடமும் பாதியைக் காய்கறி வண்டிக்காரரிடமும் கற்றவள்.

"ரொம்ப... நன்னா இருக்குடி. எங்காத்துல இப்படிப் பண்ணவே மாட்டா."

மாவி என் கோஸை எடுத்துச் சாப்பிட்டாள். இரண்டாவது கவளத்தில் நிறுத்தினாள். கண் நிறைந்து வழிந்தது. போச்சு, என்றேன் நான். ரஹீமா பாட்டிலை நீட்டினாள்.

"இல்லே கஸ்தூரிக்கா. எங்கம்மாவும் இப்டித்தான். உப்பு போட மறந்துண்டு கீறா," என்று சொல்லி, தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

அந்த ஒரு நிமிஷம் நான் எதற்கும் கவலைப்படவில்லை. அந்த நிமிஷத்தில்தான் கீழேயிருந்து புகை நாற்றம் வந்தது.

நான்கு இழைக் கம்பி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. ஃபியூஸ் போகவில்லை. அதற்குப் பதிலாக, சுவரில் ஓடிய ஒயர் மொத்தமும் தீய்ந்துகொண்டிருந்தது. மீட்டர் பலகை புகைந்தது, பக்கத்தில் போன் ஒயர் உருகி வழிந்தது. ஃபியூஸ் அக்கா நான்கு நான்கு படியாகத் தாவி இறங்கி மெயினை அணைத்தாள். பின்னாலேயே நாங்கள். வாசலில் பட்டுப்புடவையோடு வார்டன் மேடம். அன்றைக்குக் கேன்டீனில் ரவா தோசை தீர்ந்துவிட்டதாம். நான் எண்ணிய ஆபத்துகளில் அது இல்லை.

மேடம் கருகிய பலகையைப் பார்த்தார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி முறுக்கிய கம்பியைப் பார்த்தார். "யார் இதைக் கட்டினது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அறுபது பெயரை நாள் முழுக்கக் கத்திய வாய்.

"நான்தான் மேடம்," என்றாள் ஃபியூஸ் அக்கா. "என் பேரே அதானே."

"இவ ஏன் மாடியிலேர்ந்து வரா?"

"புகை வருதுன்னு சொல்ல ஓடி வந்தா."

"கையில கரண்டி?"

ஃபியூஸ் அக்கா கரண்டியைப் பார்த்தாள். "பதட்டக்காரி மேடம். கையில எது கிடைச்சுதோ அதோட ஓடியிருக்கா."

மேடம் நம்பினார். என் பதட்டத்தை நம்பாதவர்கள் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

மறுநாள் மாலைக்குள் ஃபியூஸ் அக்கா அறையைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவானது. ஆட்டோக்காரர் பாட்டில்களைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"இன்னாமா இது, பாட்டில் பாட்டிலா கீது? ஒடைஞ்சா என் வண்டி நாறிடும்."

"உடையாது நைனா. உடைஞ்சா நீங்களும் ஆராய்ச்சி பண்ணலாம்."

வெளியே போகிறவர்கள் என் ரெஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் போட்டாள். திரும்பும் நேரம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்து, எடுத்துவிட்டாள்.

"அக்கா, நான்தான் கட்டினேன்," என்றேன், ஒரு நாள் தாமதமாக.

"தெரியும். நான் நாலு இழை கட்டுவேனா? தொழில் தெரிஞ்சவ செய்யற வேலையா அது?"

"மேடம்கிட்ட இப்பவே சொல்லிடறேன்."

"வாயை மூடு. எனக்கென்ன, மண்டபம் ஊருக்குப் போய்க் கடல் பக்கத்துலயே ஒரு ரூம் பார்த்துப்பேன். உனக்கு வேலை போச்சுன்னா உங்க வீட்டு அடுப்பு எப்படி எரியும்?"

நான் அழுதிருக்க வேண்டும். காலில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் முந்தின நாள்தான் சங்கத்தில் சேர்ந்த பொருளாளர் நான். வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"அக்கா, நாலணா."

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு வாசலில் நின்ற ஆட்டோவே ஆடும்படி சிரித்தாள். பர்ஸைத் துழாவினாள். சில்லறை இல்லை, ஆட்டோவுக்கான நோட்டுகள் மட்டும்தான்.

"எழுதிக்கோ," என்றாள். ஆட்டோ லஸ் பக்கம் திரும்பியது.

மண்டபத்திலிருந்து ஒரே ஒரு போஸ்ட்கார்டு வந்தது. கடல் நன்றாக இருக்கிறது, இங்கே அடிக்கடி கரண்ட் போகிறது, காரணம் நான் இல்லை என்று எழுதியிருந்தாள். விலாசம் எழுத மறந்துவிட்டாள். வைதேகியும் ரஹீமாவும் படித்து முடித்துப் போனார்கள். மாவி ஊருக்குப் போனாள். விடுதியை இடித்துவிட்டார்கள். தங்கை படித்து முடித்து வேலைக்குப் போனாள். அவளுக்குக்கூட நான்கு இழைக் கம்பியைப் பற்றி நான் சொன்னதில்லை. இப்போது இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். என்ன சொல்வாளோ.

ஊறுகாய் பாட்டில் என்னிடம்தான் இருக்கிறது. என் அபராதம் முழுக்கக் கட்டியாகிவிட்டது. இந்தக் கட்டுரைக்கு உண்டானதையும் சேர்த்து. நாலணாக் காசே செல்லாது என்று ஆகிவிட்டது, தெரியும். இருந்தாலும் கணக்கு கணக்குதான். நேரில் வந்துதான் கட்ட வேண்டும், மணியார்டர் வாங்க மாட்டேன்.

ஃபியூஸ் அக்கா, ஓரகத்திகள் சங்கத்துக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி இருபத்தைந்து காசு.