கவுனி அரிசிக் கட்டுரைக்கு வந்த கூட்டம்

உலகத்தில் யார் கவுனி அரிசி என்று தேடினாலும் குடவாசல் மருதையன் கடைதான் முதலில் வந்து நிற்க வேண்டும் என்று ஒரு புரட்டாசியில் முடிவு செய்தேன். அம்சவல்லி அப்போது இருந்தாள். முடிவு செய்வது என் பொறுப்பு, மாற்றுவது அவள் பொறுப்பு என்று எங்கள் குடித்தனம் நடந்த காலம்.

நடுக்கூடம் முழுக்கக் கருப்புக் கவுனி அரிசி மூட்டைகள். விருந்தாளி வந்தால் மூட்டைமேல்தான் உட்கார வேண்டும். தை அறுவடைக்குள் விற்காவிட்டால் புது நெல்லுக்கு இடமில்லை, பழையதில் வண்டும் விழுந்துவிடும். மொத்த வியாபாரியிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிடலாம் என்றாள் அம்சவல்லி. நான் மறுத்தேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன் இனியவன் கடைக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்திருந்தான். காசு கொடுத்து விளம்பரம் செய்ய வேண்டாம், நன்றாக எழுதினால் தேடுகிறவர்கள் தானாக வருவார்கள் என்றும் சொல்லியிருந்தான்.

எழுதுவதற்கு எனக்கா சொல்லித்தர வேண்டும்? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் படித்தே தமிழ் கற்றவன் நான். 'நெல்லெனும் நித்திலம்' என்று ஒரு கட்டுரை எழுதினேன். நித்திலம் என்றால் முத்து. குடகில் புறப்பட்ட காவிரி கல்லணையைத் தாண்டிய பிறகுதான் அதற்குள் கவுனி அரிசியே வரும். அம்சவல்லிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, வலைப்பூவில் ஏற்றினேன்.

தினமும் காலையில் என் போனில் தேடுவேன். நம் கடை முதலிடத்தில் இருக்கும். பெருமையோடு அவளிடம் காட்டினேன். அவள் தன் போனில் தேடினாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். சீரகச் சம்பா வந்தது, பொன்னி வந்தது, ஒரு பல் மருத்துவர்கூட வந்தார். நாங்கள் வரவில்லை.

"உங்க போனுக்கு உங்க மேல பாசங்க. தினம் வர்ற ஆளைப் பாத்ததும் கண்டக்டர் கேக்காமயே குடவாசல்னு டிக்கெட் கிழிப்பாரே, அந்த மாதிரி."

"அப்ப யாருமே என் கட்டுரையைப் படிக்கலைங்கிறியா?"

"தலைப்பைப் பாத்துட்டு நகைக்கடைன்னு நெனச்சுத் திரும்பியிருப்பாங்க. ஜனங்க என்ன கஷ்டத்துக்குப் போனைத் தட்டுதோ, அதைத் தலைப்பா வைங்க."

தலைப்பில் கை வைத்தால் சாப்பிட மாட்டேன் என்றேன். அவள் உடனே அடுப்பை அணைத்துவிட்டதால் அந்தப் பேச்சை மேற்கொண்டு வளர்க்கவில்லை. தை பிறக்கும்வரை பொறுப்பது என்று முடிவானது. பாசம் பிடித்த போனை நம்பக்கூடாது என்று அன்றோடு வலைப்பூவைத் திறப்பதையும் விட்டேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. கூட்டமும் பிடித்தது. சென்னை, கோயம்புத்தூர், குவைத்திலிருந்தெல்லாம் தேடி வருகிறார்கள் என்று இனியவன் சொன்னான். எல்லாரும் வந்தது ஒரே கட்டுரைக்கு, என் கட்டுரைக்கு. அரிசி கேட்டுப் போன்மேல் போன். மூட்டைகள் நகர்ந்து கூடத்தில் தரை தெரிய ஆரம்பித்தது. நான் தோளில் சால்வை போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தேன். தமிழுக்கு அழிவில்லை என்று டீக்கடையில் அறிவித்தேன்.

அப்போதுதான் நாகூரிலிருந்து ஷேக் பரீத் என்பவர் இரண்டாவது தடவையாக அரிசி கேட்டுக் கூப்பிட்டார். கட்டுரை அற்புதம், தானும் மனைவி ஆமினாவும் அது இல்லாமல் படுப்பதே இல்லை என்றார். சால்வையைச் சரிசெய்துகொண்டேன். எந்தப் பகுதி பிடித்தது என்று கேட்டேன்.

"ரெண்டாவது பத்திக்கு மேல போனதில்லைங்க ஐயா. அதுக்குள்ள கண்ணு சொக்கிடுது. ஆமினாவுக்கு மொத வரியே போதும்."

வலைப்பூவைத் திறந்தேன். கட்டுரை ஓர் எழுத்துகூட மாறவில்லை. தலைப்பு மட்டும், 'தூக்கம் வரவில்லையா? இதைப் படியுங்கள்' என்று இருந்தது. கடைசிவரை யாரும் விழித்திருக்க மாட்டார்கள் என்பதால், தலைப்புக்கு அடியிலேயே இன்னொரு வரி: 'எழுந்ததும் கஞ்சி காய்ச்சக் கருப்புக் கவுனி எங்களிடம் கிடைக்கும்.'

அம்சவல்லியைக் கூப்பிட்டேன். முறமும் கையுமாக வந்தாள்.

"பொய்யா எழுதச் சொன்னேன்? நீங்க படிச்சுக் காட்டினப்ப எனக்கு நடந்ததைத்தாங்க இனியவன்கிட்டச் சொன்னேன்."

கோபப்படலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவள் கூடத்து மூலையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் மூட்டை கெடக்கு. அடுத்த கட்டுரையை இதைவிட நீளமா எழுதுங்க."