நூற்றெட்டு ஜி.பி. அட்சயம்

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் கடவுள் பென் டிரைவுக்குள் குடியேறினார். முகவரி: ஆரியசாலை, வற்றல் மிளகாய் மொத்தக் கடைக்கு மேல்மாடி. படி ஏறும்போதே பக்தர்களுக்குக் கண் கலங்கியது. சந்நிதியின் மகிமை என்றார்கள். கீழே மூட்டை சுமக்கிறவர்களுக்கும் தினம் கண் கலங்குகிறது; அவர்களை யாரும் பக்தர்கள் என்று சொன்னதில்லை.

மேலே அமர்ந்திருந்தவர் 'மின்னணு ஜோதிடச் செம்மல்' ஆறுமுகநயினார். பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மடியில் லேப்டாப். அவர் விற்றது 'அட்சய டிரைவ்'. எவ்வளவு போட்டாலும் நிறையாது. நூற்றெட்டு ஜி.பி., விலை ஆயிரத்து எட்டு ரூபாய். கடைகளில் அந்தப் பணத்துக்கு நாலு ஜி.பி. கிடைத்தால் பெரிது.

நட்சத்திரம் கேட்டுத்தான் கொடுப்பார். அசுவினிக்குக் குதிரை, ஆகவே வேகமான டிரைவ். நெருப்பு ராசிக்குத் தகரக் கூடு; நீர் ராசிக்கு ரப்பர் உறை. கழுத்தில் தொங்கவிடக் கறுப்புக் கயிறு எல்லா ராசிக்கும் பொது. உறுதிக்குச் சோதனையும் உண்டு. செம்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைத்து, கற்பூரத் தட்டின் சூட்டில் காட்டி, லேப்டாப்பில் சொருகுவார். பக்திப் பாட்டு ஒலிக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஈரம் போகக் காயவைத்துச் சொருகினால் பெரும்பாலும் எந்த டிரைவும் பாடும். ஆனால் தன் சொந்த டிரைவைச் செம்பில் முக்கிப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

வரிசையில் முன்னால் நின்றவர்கள் கழக்கூட்டத்து மென்பொருள் கம்பெனிக்காரர்கள். நாலு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துப் போகிற கணக்கு அவர்களுக்குச் சோறு போடும் பாடம். நூற்றெட்டு எங்கிருந்து முளைத்தது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அவர்களில் ஒருவன் கரமனைக் கோலப்பன். பிறர் எழுதிய மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிப்பது அவன் உத்தியோகம். திங்கள் முதல் வெள்ளி வரை சோதிப்பான். டிரைவ் வாங்கியது சனிக்கிழமை.

அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது. பெண் விஜயலக்ஷ்மி, பூதப்பாண்டிக்காரி. கரமனையில் ஸ்டுடியோ வைத்திருந்த இசக்கிசெல்வி தொள்ளாயிரம் படம் எடுத்திருந்தாள். கோலப்பனின் அம்மா சரஸ்வதியம்மாள் சொன்னபடி அவ்வளவும் அட்சயத்தில் ஏறின. வீட்டில் திறந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு பளபளத்தது. சரஸ்வதியம்மாளின் பட்டுப்புடவை இன்னும் பளபளத்தது. இருநூற்று நாற்பத்தேழாவது படத்தில் கோலப்பன் கையில் தாலி. அடுத்த படத்திலிருந்து ஒன்றும் திறக்கவில்லை. பெயர் இருந்தது, படம் இல்லை.

டிரைவை எடுத்துக்கொண்டு ஆரியசாலைக்கு ஓடினார்கள். செம்மல் கண்ணை மூடித் திறந்தார்.

"தாலி கழுத்துல விழுந்த நிமிஷம் படம் அணைஞ்சிருக்கு. பாத்திரத்துல குறை இல்ல அம்மா, பண்டத்துலதான் குறை. பெண்ணுக்குக் களத்திர தோஷம். நாப்பத்தெட்டு நாள் தாய் வீட்டுல இருக்கட்டும். நடுவுல ஒரு ஹோமம். பதினோராயிரம்."

நாற்பத்தெட்டு நாளுக்கென்று தாய் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது விஜயலக்ஷ்மிக்குத் தெரியும். நேராக ஸ்டுடியோவுக்குப் போய் நின்றாள். இசக்கிசெல்வி தன் கம்ப்யூட்டரில் தொள்ளாயிரம் படத்தையும் திறந்து காட்டினாள். ஒன்றுகூடக் கெடவில்லை. இருவருமாகச் சரஸ்வதியம்மாளிடம் போய்ச் சொன்னார்கள்.

"சாதாரணப் பெட்டியில எந்தப் பாவமும் தங்கும் பிள்ளே," என்றார் சரஸ்வதியம்மாள். "அட்சயத்துல தங்காது. சாமி அன்னைக்கே சொல்லியாச்சு."

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு உலகத்தில் எதையும் விற்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹோமத்துக்குப் பணம் கட்டக் குடும்பம் மாடி ஏறியது. அப்படியே தம்பானூரில் பஸ் ஏற்றிவிட விஜயலக்ஷ்மியையும் அவள் பையையும் கூட்டி வந்திருந்தார்கள். பின்னாலேயே ஒரு டிவிடியோடு இசக்கிசெல்வி ஏறினாள்.

"சாமி, படம் எடுத்தவ நான்தான். எனக்கும் தோஷம் தட்டிருமோன்னு பயமா இருக்கு. ஒரு புது டிரைவை அம்மையே எடுக்கட்டும். பெண்ணோட படத்தை மட்டும் முதல்ல போடுவோம். திறக்கல்லேன்னா ஹோமப் பணத்தை நான் தாரேன்."

பணம் என்ற சொல் காதில் விழுந்ததும் செம்மல் ஞானக் கண்ணை மூடிவிட்டார். சம்மதித்தார். சரஸ்வதியம்மாள் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முதலில் பெண்ணின் படங்கள், இருநூற்று நாற்பது. அடுத்து மாப்பிள்ளை வீட்டுப் படங்கள். கடைசியில், "சாமி படமும் ஒண்ணு கூட இருக்கட்டும், ஐஸ்வரியம்லா," என்று அவருடைய விளம்பரப் படத்தையும் அவர் லேப்டாப்பிலிருந்தே எடுத்துப் போட்டாள்.

இன்னும் எட்டு நிமிடம் என்றது திரை. பிறகு பதினொன்று என்றது. பிறகு ஐந்து. செம்மலைவிட மோசமான ஆரூடம். ஆனால் அது பரிகாரம் கேட்கவில்லை.

பாதியில் ஆறுமுகநயினார் நெளிந்தார். "ராகு காலம் தொடங்குது. டிரைவை உருவிருங்க."

"ஞாயித்துக்கிழமை ராகு காலம் நாலரைக்குலா சாமி. இப்போ மணி பதினொண்ணு," என்றாள் இசக்கிசெல்வி.

ஏறி முடிந்தது. இசக்கிசெல்வி டிரைவைக் கழற்றி மறுபடி சொருகினாள். விஜயலக்ஷ்மி தாலியோடு சிரித்தாள். விஜயலக்ஷ்மி மாலையோடு சிரித்தாள். இருநூற்று நாற்பது படமும் திறந்தன. பிறகு மாப்பிள்ளை வீடு. ஏழு படம் வந்தது. எட்டாவது வரவில்லை. ஒன்பது இல்லை, பத்து இல்லை. சரஸ்வதியம்மாளின் பட்டுப்புடவை எங்குமே இல்லை.

"இப்போ தோஷம் யாருக்கு சாமி?"

"மாப்பிள்ளைக்கும் லேசா..." என்று ஆரம்பித்தார் செம்மல்.

இசக்கிசெல்வி கடைசியாகப் போட்ட சாமி படத்தை அழுத்தினாள். அதுவும் திறக்கவில்லை.

"சாமிக்கும் களத்திர தோஷம் போல. அப்போ நீங்களும் மாமியார் வீட்டுக்குப் புறப்படுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு பரவியது. இசக்கிசெல்வி திரும்பிச் சொன்னாள்: "ஒரு படி பிடிக்கிற டப்பாவுல நூத்தெட்டு படின்னு எழுதி வச்சிருக்கு. அளந்து போட்டதுல ஒரு படி வரைக்கும் உள்ள இருக்கும். மிச்சத்தையும் வாங்கிக்கிடும், ஆனா திருப்பித் தராது. அன்னைக்கு மாப்பிள்ளை படம் முதல்ல ஏறிச்சு, பின்னால ஏறின பெண் படம் தொலைஞ்சு போச்சு. இன்னைக்கு மாத்திப் போட்டேன். அவ்வளவுதான் தோஷம்."

திரும்பிப் பார்ப்பதற்குள் செம்மல் பின்படி வழியே இறங்கியிருந்தார். பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஓடிய வேகத்தில் அவருடைய டிரைவ் எதுவும் ஓடியதில்லை.

கழக்கூட்டத்துக் கம்பெனிக்காரன் ஆதர்ஷ் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி வந்தான். "சேச்சி, நான் ஆத்யம், முதல்ல போட்டதெல்லாம் அதுல இருக்கும் அல்லே?" அவனுக்குப் பின்னால் நின்ற மாடம்மாளின் கவலை வேறு. "எம்மா, அந்தச் செம்புத் தண்ணி மட்டும் கொஞ்சம் கிட்டுமா?"

சரஸ்வதியம்மாள் தொண்டையைச் செருமினார். "சரி பிள்ளே. போனது போட்டும். வீட்டுக்கு வா."

விஜயலக்ஷ்மி தன் பையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"நான் பூதப்பாண்டிக்கே போறேன் அத்தை. நாப்பத்தெட்டு நாள்னு கணக்கு ஒண்ணும் இல்ல." கோலப்பனைப் பார்த்தாள். "ஊரு பூரா கேட்டீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல. எப்போ கேக்கத் தோணுதோ அப்போ வாங்க. தனியா வாங்க."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

பென் டிரைவ் வாங்குகிறவர்களே, போட்டதைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள். சாமியாரிடம் போகிறவர்களுக்கும் அதே விதிதான். மருமகளைச் சோதிப்பதில் நீங்கள் காட்டுகிற அக்கறையில் கால்வாசியை அவரிடம் காட்டினால் போதும். மறுநாளே அவர் கடையைக் காலி செய்துவிடுவார்.